எண்ணிக்கையில் ஒன்று கூடுதல்

நவம்பர் 2

அன்புள்ள அப்பா,

போனில் சொன்னால் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன், அம்மா நடுவில் புகுந்து "வைங்க போனை" என்பாள். அதனால்தான் கடிதம். தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள். நீச்சல் குளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு பிரிக்க வேண்டாம்.

கூரியர் கிடங்கு வேலையை விட்டுவிட்டேன். ஒரு பாய்மரப் படகில் ஆளாகச் சேர்ந்திருக்கிறேன். இந்த மாதக் கடைசியில் கிளம்பி, பெருங்கடலைத் தாண்டி, வருஷம் முழுக்க வெயிலடிக்கும் தீவுகளுக்குப் போகிறோம். மூன்று வாரத்துக்கு மேல் கரை கண்ணில் படாது.

மூச்சு விட்டீர்களா? சரி, மேலே படியுங்கள்.

கிடங்கில் ஒரு நீளமான மூட்டை வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. தினமும் அதில் முட்டியை இடித்துக்கொள்வேன். ஒருநாள் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் வந்தார். கை முழுக்கத் தழும்பு. "இது என் படகோட பாய். ஒரு ஆளா தூக்க முடியாது. அந்த முனையக் கொஞ்சம் பிடிக்கிறியா?" என்றார். பிடித்தேன். படகுத்துறைவரை நடந்து போய் ஏற்றிக்கொடுத்தேன். டீ போட்டுக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு கூப்பிடாமலேயே போய் நின்றேன். அதற்கடுத்த ஞாயிறு, "ஆள் குறையுது, வர்றியா?" என்றார். அவர்தான் கேப்டன். அவரைத் தவிர வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவரும் அவர் மனைவியும் வருகிறார்கள். எஞ்சினைப் பார்த்துக்கொள்ளவும் ஒருவர் வருகிறார்.

உனக்கு நீச்சல் தெரியாதே என்றுதானே கேட்கப்போகிறீர்கள். தெரியாதுதான். ஊரில் பாதிப் பேரை நீந்தவைத்தவருடைய மகளுக்குத் தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் கைகால் உதறும். நீங்கள்தான் பூனை என்று பெயர் வைத்தீர்கள். என்னை இறக்கப் பார்த்து அலுத்துப்போய், கடைசியில் குளத்தோரத்து உயர நாற்காலியில் ஏற்றி, "சரி, தலையையாவது எண்ணு" என்றீர்கள். பள்ளிக்கூடம் முடியும்வரை காலையில் அதுதான் எனக்கு வேலை. வகுப்பு முடிந்ததும் நீங்களும் எண்ணுவீர்கள், எப்போதும் ஒன்று கூடுதலாக வரும். "அப்பா, ஒண்ணு ஜாஸ்தி" என்று திருத்துவேன். கணக்கில் நீங்கள் அவ்வளவுதான்.

கேப்டனிடம் நீச்சல் வாத்தியார் மகள் என்று சொல்லியிருக்கிறேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

பதில் போடுங்கள். திட்டியாவது போடுங்கள்.

உங்கள்
பூனை


நவம்பர் 8

மகளுக்கு,

குளத்தின் ஓரத்தில் நின்றுதான் படித்தேன். வாயிலிருந்த விசில் தண்ணீரில் விழுந்துவிட்டது. வகுப்பு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகள் எல்லாம் ஏறிப் போய்விட்டார்கள். நான் அப்படியே நின்றிருக்கிறேன். காவலாளி வந்து தோளைத் தொட்டு, "மாஸ்டர், யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

உனக்கு மூளை இருக்கிறதா என்று தொடங்கி நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். இது ஐந்தாவது. ஆத்திரம் அடங்கிவிட்டது என்று நினைக்காதே. கைதான் ஓய்ந்துபோயிருக்கிறது.

குளத்துக்குத் தரை உண்டு. நாலு பக்கமும் சுவர் உண்டு. எந்த மூலையில் யார் விழுந்தாலும் நாலு எட்டில் போய்விடுவேன். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளை என் கையிலிருந்து போனதில்லை. நீ போகிற இடத்தில் நான் எங்கே நிற்பேன், சொல்.

உன் அம்மா உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். "உங்களுக்குக் கோபம் அவ கடலுக்குப் போறதுக்கா, உங்ககிட்டக் கத்துக்காம போறதுக்கா?" என்றாள். இந்த வீட்டில் எனக்கு யாரும் ஆதரவு இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீச்சல் தெரியாது என்று அந்த அம்மாவிடம் சொல். தெரிந்தும் கூட்டிப்போனால் அது அவர் பொறுப்பு. தெரியாமல் கூட்டிப்போனால் அது உன் பொய். நீ சொல்லாவிட்டால் நான் எழுதுவேன்.

சொல்லமாட்டாய் என்று தெரியும். அதனால் அவருக்கும் எழுதி, இதோடு சேர்த்தே தபாலில் போட்டுவிட்டேன். எப்போது வீட்டுக்கு வருகிறாய் என்று எழுது.

அப்பா


நவம்பர் 15

அப்பா,

இந்தத் தடவை 'அன்புள்ள' கிடையாது.

எனக்கு இன்னும் நம்பமுடியவில்லை. இருபத்தாறு வயதுப் பெண்ணைப் பற்றி, பள்ளிக்கூட டீச்சருக்கு எழுதுவதுபோல் "என் மகளுக்குத் தண்ணீர் ஆகாது" என்று எழுதியிருக்கிறீர்கள். சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் இருக்கும்போதுதான் கேப்டன் அதைப் பிரித்தார். படித்தார். மடித்தார். என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். முதல் வரியைப் பார்த்ததுமே எனக்குக் காது அடைத்துவிட்டது. இறக்கிவிடப்போகிறார், மறுபடியும் கிடங்கு, மறுபடியும் அட்டைப்பெட்டி என்று நினைத்தேன்.

அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "நடுக்கடல்ல நீச்சல் தெரிஞ்சு என்ன பண்றது? நீந்தி எங்க போறது? என் படகுல விழாம இருக்கத் தெரியணும். அவ்வளவுதான். உண்மையச் சொன்னா, நீச்சல் தெரிஞ்சவங்களக் கண்டாத்தான் எனக்குப் பயம். கொக்கிய மாட்ட மாட்டாங்க."

கொக்கி என்றால், இடுப்பிலும் மார்பிலும் ஒரு பட்டை கட்டி, அதிலிருந்து வரும் கயிற்றைப் படகோடு மாட்டிக்கொள்வது. மேல்தளத்துக்கு வந்தால் மாட்டியே தீர வேண்டும். டீ குடிக்க வந்தாலும் அப்படித்தான்.

பிறகு, "குளத்துல வேற என்ன பண்ணிட்டிருந்த?" என்று கேட்டார். தலை எண்ணினேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாளே விரிகுடாவுக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்தார். யாராவது கடலில் விழுந்துவிட்டால் எல்லோரும் ஆளுக்கொரு வேலையாக ஓட வேண்டும், ஒருவரைத் தவிர. அவர் எதையும் தொடக்கூடாது. விழுந்தவர் இருக்கும் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும், கண்ணை எடுக்கவே கூடாது. அலைக்கு நடுவில் ஒரு தலை ஒன்றுமே இல்லை அப்பா. கண்ணைக் கசக்கினால் போச்சு. படகைத் திருப்புகிறவர் கடலைப் பார்ப்பதில்லை, அந்த விரலைத்தான் பார்ப்பார்.

ஒரு பழைய சட்டைக்குள் மிதவையைத் திணித்துக் கட்டி வீசினார்கள். பல் டாக்டர் உடனே தொலைத்துவிட்டார். அவர் மனைவி இரண்டு அலைக்குத் தாங்கினார். நான் கடைசிவரை விடவில்லை. "எங்க கத்துக்கிட்ட?" என்றார் கேப்டன். எங்கப்பா குளத்தில் என்று சொன்னேன். உங்கள்மேல் அவ்வளவு கோபம் இருந்தும் அப்படித்தான் சொன்னேன்.

போகிற வழியிலும் வீசுவாராம், முன்கூட்டிச் சொல்லாமல். "சொல்லிட்டு வீசினா அது நாடகம்" என்கிறார்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. எஞ்சின் பார்க்க வருவதாகச் சொன்னவர் வரவில்லை. வேறு ஆள் கிடைக்காவிட்டால் பயணமே இல்லை. சந்தோஷமா?

பூனை


நவம்பர் 21

மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் எழுதியது தப்பு என்று உன் அம்மா சொல்கிறாள். நீயும் சொல்கிறாய். இருக்கட்டும்.

இனி தடுக்கப்போவதில்லை. போகிறவள் நல்லபடியாகப் போய்ச்சேர். காதில் பஞ்சு வைத்துக்கொள். சின்ன வயதில் காற்றடித்தாலே உனக்குக் காது வலிக்கும்.

எஞ்சினுக்கு ஆள் கிடைக்காமலா போய்விடுவார்? கிடைப்பார்.

அப்பா


நவம்பர் 27

அன்புள்ள அப்பா,

நாளைக் காலை கிளம்புகிறோம். இதைத் தபாலில் போட்டுவிட்டுத்தான் படகில் ஏறுவேன்.

யார் வந்து நிற்கிறான் தெரியுமா? நெட்டை! உங்கள் குளத்து நெட்டைதான். மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கி, அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே தூங்கினானே, அவன். பம்புசெட் மெக்கானிக் வேலையிலிருந்து நேராக வந்து, "எஞ்சினுக்கு ஆள் வேணும்னு கேள்விப்பட்டேன்" என்கிறான். உலகம் எவ்வளவு சின்னது பாருங்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால் தலையைச் சொறிகிறான்.

வந்ததிலிருந்து எஞ்சினுக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டு கிடக்கிறான். விரிகுடாப் பயிற்சிக்குக்கூட வரவில்லை. கொக்கியைப் பார்த்து, "இது என்ன, கன்னுக்குட்டிக்குக் கட்டற மாதிரி?" என்று சிரித்தான். கேப்டன் முறைத்தார். மாட்டிக்கொண்டான்.

எனக்கு உள்ளே உதறல்தான். ஆனால் அது பயத்தில் மட்டும் இல்லை. அம்மாவிடம் சொல்லுங்கள்.

பூனை


டிசம்பர் 9
(தீவுத் துறைமுக அலுவலகம் வழியாக)

அன்புள்ள மகளுக்கு,

நீ இதைப் படிக்கும்போது கரையேறியிருப்பாய். இனி சொன்னால் பாதகமில்லை. நெட்டையை அனுப்பியது நான்தான்.

கோபப்படாதே. எனக்கு வேறு வழி தெரியவில்லை. என்னால் அங்கே நிற்க முடியாது, என் இடத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்று நினைத்தேன். நான் தயார்செய்ததிலேயே நல்ல நீச்சல்காரன் அவன்தான். வீட்டுக்கு வரச்சொன்னேன். "அவ தண்ணியில விழுந்தா நீ யோசிக்கவே கூடாது. அந்த நொடியே குதிக்கணும்" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். "மாஸ்டர், இதுக்குப் போய்ச் சத்தியமா?" என்று கேட்டுவிட்டு, வேலைக்கு லீவு சொல்லிக் கிளம்பினான்.

அவன் கிளம்பியதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் வருகிறது. உன் அம்மாகூட ஆச்சரியப்படுகிறாள். அவன் அங்கே இருக்கும்வரை உனக்கு ஒன்றும் ஆகாது.

கரையேறியதும் எழுது.

அப்பா


டிசம்பர் 23

அப்பா,

நெட்டை உயிரோடு இருக்கிறான். அதை முதலில் எழுதிவிடுகிறேன். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

உங்கள் கடிதம் துறைமுக அலுவலகத்தில் எனக்காகக் காத்திருந்தது. "அவன் அங்கே இருக்கும்வரை உனக்கு ஒன்றும் ஆகாது" என்ற வரியைப் படித்துவிட்டு அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அலுவலகத்துப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பயணம் பாதி தாண்டியிருந்தது. நல்ல வெயில், பின்பக்கத்திலிருந்து காற்று, அலைகள் உருண்டையாகப் பெரிது பெரிதாக வந்துகொண்டிருந்தன. வெக்கை தாங்காமல் என் மஞ்சள் மழைச்சட்டையைக் கழற்றி வைத்திருந்தேன். நீங்கள் வாங்கிக் கொடுத்தது. கையில் கிடைத்தது அதுதான் என்று கேப்டன் அதற்குள் மிதவையைத் திணித்துக் கட்டி, சத்தமில்லாமல் பின்னாலிருந்து கடலில் வீசினார். பல் டாக்டர் திரும்பிப் பார்த்து, "ஆள் விழுந்தாச்சு! ஆள் விழுந்தாச்சு!" என்று அலறினார். பயிற்சிதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினேன்.

நெட்டை தன் முறை முடிந்து கீழே தூங்கிக்கொண்டிருந்தான். அலறல் கேட்டு வெறுங்காலோடு ஏறி வந்தான். இடுப்பில் பட்டை இல்லை, கொக்கி இல்லை. அலைமேல் மஞ்சள் சட்டை ஏறி இறங்குவதைப் பார்த்தான்.

"பூனை!" என்று கத்தினான்.

நான் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன் அப்பா. இங்கே இருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவ்வளவுதான், அதற்குள் குதித்துவிட்டான். நீங்கள் சொல்லிக்கொடுத்த அதே பாய்ச்சல். கால்விரல் நீட்டி, தண்ணீர் தெறிக்காமல். குளமாக இருந்தால் நீங்கள் கை தட்டியிருப்பீர்கள்.

கேப்டன் முகத்தில் ரத்தமே இல்லை. இப்போது கடலில் இரண்டு பொருள் இருந்தன. ஒன்று பளிச்சென்ற மஞ்சள் சட்டை. இன்னொன்று ஒரு கறுப்புத் தலை, அதுவும் அலைக்கு அலை காணாமல் போய்க்கொண்டிருந்தது. கண் மஞ்சளைத்தான் இழுத்துப் பிடிக்கிறது. நான் மஞ்சளை விட்டேன். தலையைப் பிடித்துக்கொண்டேன்.

கேப்டன் சுக்கானுக்கு ஓடினார். "பூனை, எங்க?" இதைத் தவிர அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. பாயை இறக்கப் பல் டாக்டருக்குக் கை ஒத்துழைக்கவில்லை. படகு போய்க்கொண்டே இருந்தது. நான் அவன் தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மறைந்தால், எங்கே மறைந்ததோ அங்கேயே கையை வைத்திருந்தேன். சில சமயம் அவ்வளவு நேரம் மறைந்திருந்தது, நான் வெறும் தண்ணீரைக் காட்டிக்கொண்டிருக்கிறேனோ என்று நினைத்தேன். அவன் வேகமாக நீந்திக்கொண்டிருந்தான், ஆனால் வேறு பக்கமாக. தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தால் சட்டை தெரியாதாம். சும்மா மிதந்திருந்தால் இன்னும் சீக்கிரம் பிடித்திருக்கலாம் என்று கேப்டன் பிறகு சொன்னார்.

முதல் தடவை திரும்பி வந்தபோது அவனை எட்ட முடியவில்லை. மஞ்சள் சட்டை படகை உரசிக்கொண்டு வந்தது. டாக்டரின் மனைவி அதை எடுக்கக் குனிந்தார். "அத விடுங்க!" என்று கேப்டன் போட்ட சத்தத்தில் அவர் அழுதேவிட்டார்.

இரண்டாம் தடவை கிட்டே போய்விட்டோம். கயிறு வீசினோம், அவன் முகத்துக்கு நேராக விழுந்தது. அவன் பிடிக்கவில்லை அப்பா. கயிற்றைத் தள்ளிவிட்டு மூச்சு வாங்கி முங்கினான். மேலே வந்தான். மறுபடி முங்கினான். எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

அதுவரை நான் பேசவே இல்லை. பேசினால் கண் போய்விடும் என்று பயம். அப்போது கத்தினேன். "நெட்டை! இங்கப் பாரு! நான் இங்க இருக்கேன்டா!"

நிமிர்ந்து பார்த்தான். என்னைத் தெரியாதவன்போலப் பார்த்தான். செத்துப்போன ஒருத்தியைப் பார்த்தால் அப்படித்தான் பார்ப்பார்களோ என்னவோ. அதற்குப் பிறகுதான் கயிற்றைப் பிடித்தான்.

டாக்டரும் அவர் மனைவியும் சேர்ந்து அவனை மேலே இழுத்துப் போட்டார்கள். தண்ணீராக வாந்தி எடுத்தான். பிறகு அழுதுகொண்டே, "மாஸ்டர்கிட்டச் சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றான். அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. கேப்டன் சுக்கானை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "இனிமே சொல்லாம ஒண்ணும் வீசமாட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் கை நீட்டியபடியே இருந்ததாம். டாக்டரின் மனைவிதான் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

நெட்டை எனக்கு அண்ணன் மாதிரி. ஓர் உயிருக்குக் காவலாக இன்னோர் உயிரை அனுப்பலாம் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது? அதை எனக்குச் சொல்லாமல் அனுப்பலாம் என்று எப்படித் தோன்றியது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என் சட்டையைத் தொட வேண்டாம் என்று கேப்டனிடம் நான் சொல்லியிருப்பேனே.

அவன் இங்கிருந்து விமானத்தில் ஊருக்கு வருகிறான். படகு அடுத்த மாதம் இன்னும் தெற்கே போகிறது. கேப்டன் என்னை வரச்சொல்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. திரும்பி வா என்று நீங்கள் எழுதினால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. எழுதுவதாக இருந்தால் நீங்களே எழுதுங்கள். யாரிடமும் சொல்லி அனுப்ப வேண்டாம்.

பூனை


ஜனவரி 4

என் பூனைக்கு,

உன் கடிதத்தை அம்மாதான் சத்தமாகப் படித்தாள். "குதித்துவிட்டான்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். முதல் வரியிலேயே உயிரோடு இருக்கிறான் என்று எழுதியிருந்தாய். ஆனாலும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேனாம். அவள் சொல்லித்தான் தெரியும்.

நெட்டையின் அம்மாவைப் பார்த்து நடந்ததையெல்லாம் நானே சொல்லிவிட்டு வந்தேன். அவர் கதவைச் சாத்தவில்லை. உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. அது எனக்கு வேண்டியதுதான். நெட்டை வந்து குளத்துப் படியில் உட்கார்ந்தான், தண்ணீரில் இறங்கவில்லை. "மாஸ்டர், நீங்க சொன்னத செஞ்சேன்" என்றான். அதுதானடா தப்பு என்று சொல்ல நினைத்தேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு இன்னும் அதிர்ச்சி தீரவில்லை. இத்தனை வருஷம் நான் சொல்லிக்கொடுத்தது அவனைக் கொல்லப் பார்த்திருக்கிறது. ஒப்புக்கு உனக்குக் கொடுத்த வேலை அவனைக் காப்பாற்றியிருக்கிறது. இதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இப்போது வகுப்பில் முறைபோட்டு ஒரு பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. பெற்றவர்கள் வந்து, "இது என்ன மாஸ்டர், புது உடற்பயிற்சியா?" என்று கேட்கிறார்கள்.

உன்னிடம் சொல்லாமல் அனுப்பியது தப்பு. பெரிய தப்பு.

திரும்பி வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதப்போவதில்லை. வேறு மழைச்சட்டை வாங்கிக்கொள். அந்தக் கேப்டனிடம் சொல், என் மகள் கண்ணை எடுக்கமாட்டாள் என்று. அவருக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் அப்பா சொன்னதாகச் சொல்.

ஒன்று எழுதியிருந்தாயே, நான் எப்போதும் ஒன்று கூடுதலாக எண்ணுவேன் என்று. எனக்குக் கணக்கு வரும். தண்ணீரில் இருக்கும் தலைகளை எண்ணி முடித்துவிட்டு, நாற்காலியில் இருக்கும் தலையையும் சேர்த்துக்கொள்வேன். நீ திருத்தும்போதெல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

இன்று காலையும் எண்ணினேன். ஒன்று கூடுதலாகத்தான் வந்தது. திருத்த நாற்காலியில் ஆளில்லை. நானும் திருத்தவில்லை.

கொக்கியை மாட்டிக்கொள்.

அப்பா